மனிதரை மாற்றும் தலைமை: திருச்சபை வரலாறு நமக்குத் தரும் பாடங்கள்

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி ஆண்டிபட்டியில் நடைபெற்ற கூட்டத்தில், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகள் என்பது ஒரு சமுதாயத்தின் வாழ்வில் ஒரு தலைமுறை. நம் சங்கம் தொடங்கிய நாளில் தாயின் இடுப்பில் இருந்த குழந்தைகள் இன்று பட்டம் பெற்றவர்களாய் இப்பந்தலில் அமர்ந்திருக்கிறார்கள். விடியுமுன் தோட்டத்தில் மல்லிகை பறித்த கைகளும், சூளையில் செங்கல் சுமந்த தலைகளும் ஈட்டிய கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்த சந்தாப் பணத்தில் வளர்ந்த சங்கம் இது. ஆதலின் என் முதல் வணக்கம் அவர்களுக்கே உரியது.

விழாக் குழுவினர் என்னை அணுகி, ‘கிறித்தவத் திருச்சபையில் மனிதரை மாற்றிய தலைமை’ என்னும் பொருளில் பேச வேண்டும் என்று கேட்டபோது நான் சற்றே தயங்கினேன். நான் போதகன் அல்லேன், பள்ளித் தலைமையாசிரியன். மேலும் நம் சங்கத்தில் ஞாயிறு ஆராதனைக்குச் செல்வோரும் உண்டு; காளியம்மனுக்குப் பொங்கல் வைப்போரும் உண்டு; அண்ணல் அம்பேத்கர் காட்டிய வழியில் புத்தரை ஏற்றுக்கொண்டோரும் உண்டு. என் வீட்டை எடுத்துக்கொண்டாலே, தாய்வழியினர் கிறித்தவர். தந்தைவழியினர் காளியம்மன் கோயிலைச் சேர்ந்தோர்.

எனினும் எண்ணிப் பார்த்தபின் இசைந்தேன். கடந்த இருநூறு ஆண்டுகளில் தாழ்த்தப்பட்ட மக்கள் எழுதப் படிக்கவும், கூட்டமாய்க் கூடவும், கணக்கு வைக்கவும், தம்மில் ஒருவரைத் தலைவராக்கிப் பார்க்கவும் முயன்ற களங்களுள் திருச்சபை முதன்மையான ஒன்று. அங்கே நம்மவர் கண்ட வெற்றியும் நமக்குப் பாடம். பட்ட காயமும் நமக்குப் பாடம். சமயம் எதுவாயினும், சங்கம் நடத்துவோர் அனைவரும் கற்கத்தக்க பாடம் அது.

இருவகைத் தலைமை

ஜேம்ஸ் மக்கிரெகர் பர்ன்ஸ் என்னும் அமெரிக்க அரசியல் அறிஞர் 1978-ஆம் ஆண்டில் தலைமையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் தலைமையை அவர் இருவகையாகப் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று, கொடுக்கல் வாங்கல் தலைமை. ‘நீ எனக்கு ஆதரவு தா, நான் உனக்கு வேண்டியதைச் செய்து தருகிறேன்’ என்பது அது. மற்றொன்று, மாற்றும் தலைமை. அதில் தலைவரும் மக்களும் ஒருவரையொருவர் உயர்த்துகிறார்கள். பின்தொடர்ந்து வந்தவர்களே நாளடைவில் தலைவர்களாகிறார்கள்.

ஆண்டிபட்டி மக்களுக்குத் தலைவர்களைப் பற்றி எவரும் புதிதாய்ச் சொல்ல வேண்டியதில்லை. 1984-இல் அமெரிக்க மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த எம்.ஜி.ஆர். அவர்களை, அவர் தொகுதிப் பக்கம் வராமலே வெற்றி பெறச் செய்த ஊர் இது. 2002 இடைத்தேர்தலிலும் 2006 பொதுத்தேர்தலிலும் ஜெயலலிதா அவர்களைத் தேர்ந்தெடுத்ததும் இத்தொகுதியே. பெரிய தலைவர்களை நேசிக்க நமக்குத் தெரியும். ஆனால் நம் தெருவிலிருந்து நாமே தலைவர்களை உருவாக்கினோமா? இதுவே இன்று என் கேள்வி.

மாற்றும் தலைமை எது என்று கண்டறிய எளிய சோதனை ஒன்றைச் சொல்கிறேன். தலைவர் ஊரில் இருக்கும்போது பார்க்காதீர்கள். அவர் போன பின்பு பாருங்கள். பெட்டிச் சாவி யாரிடம் இருக்கிறது? கூட்டத்தை யார் கூட்டுகிறார்? கணக்கை யார் வாசிக்கிறார்? இக்கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு திருச்சபை வரலாற்றின் சில ஏடுகளைப் புரட்டுவோம்.

மயிலாடியின் மகாராசன்

கன்னியாகுமரிக்கு அருகே மயிலாடி என்றோர் ஊர் உண்டு. கல்சிற்பத்துக்குப் பெயர்பெற்ற ஊர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அது திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்திருந்தது. அவ்வரசு அடிமைமுறையைச் சட்டப்படி ஒழித்தது 1855-இல்தான் என்பதை நினைவிற் கொண்டால், அன்று ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை எத்தகையது என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

அவ்வூரில் சாம்பவர் குலத்தில் பிறந்த மகாராசன் என்பவர் பக்திமான். நந்தனார் பெயரோடு பிணைந்த சிதம்பரத்திற்குக் கால்நடையாய்ப் பயணம் புறப்பட்டார். திரும்பும் வழியில் தஞ்சையில் உறவினர் வீட்டில் தங்கினார். அங்கே கிறித்தவப் போதனையைக் கேட்டார். 1799-இல் திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கம் என்னும் பெயர் பூண்டு ஊர் திரும்பினார். அவரை அனுப்பிய சங்கம் எதுவுமில்லை. சம்பளம் கொடுத்தவர் எவருமில்லை. தாம் பெற்றதைத் தம் மக்களுக்குத் தாமே சொன்னார். எதிர்ப்பு வந்தது, இடர்கள் வந்தன. ஊரைவிட்டே போய்விடலாமா என்று எண்ணுமளவிற்கு நெருக்கடி வந்தது. ஆயினும் அவர் மக்களைக் கைவிடவில்லை. வெளியே சென்று, தம் ஊருக்கு ஒரு போதகர் வேண்டும் என்று வேண்டினார்.

அவ்வேண்டுகோளின்படி, லண்டன் மிஷனெரி சங்கத்தைச் சேர்ந்த ரிங்கல்தௌபே என்னும் ஜெர்மானியர் 1806-இல் மயிலாடிக்கு வந்தார். 1809-இல் அங்கே ஆலயம் எழுந்தது, பள்ளியும் தொடங்கிற்று. தென்திருவிதாங்கூரின் கல்வி வளர்ச்சி வரலாறு அச்சிறு பள்ளியிலிருந்தே எழுதப்படுகிறது.

இளைஞர்களே, இங்கே ஒன்றை உற்று நோக்குங்கள். மிஷனெரி வந்து நம்மவரைத் தேடிக் கண்டுபிடித்தார் என்றுதான் பொதுவாகச் சொல்லக் கேட்கிறோம். மயிலாடியில் நடந்தது அதுவன்று. நம்மவர் ஒருவர் சென்று மிஷனெரியை அழைத்து வந்தார். முதலடி எடுத்து வைத்தவர் ஐரோப்பியர் அல்லர், ஒரு சாம்பவர்.

அடுத்து நடந்தது அதனினும் பெரிது. 1816-இல் உடல் நலிவுற்ற ரிங்கல்தௌபே ஊரைவிட்டுப் புறப்பட்டார். அவ்வேளையில் மிஷன் பொறுப்பை யாரிடம் ஒப்படைத்தார் தெரியுமா? வேதமாணிக்கத்திடம். அடுத்த மிஷனெரியான சார்லஸ் மீட் வந்து சேரும்வரை, ஏறத்தாழ ஈராண்டுக் காலம், சபைகளைக் கட்டிக் காத்தவர் தீண்டத்தகாதவர் என்று ஊரார் ஒதுக்கிய அவரே. சபை சிதறவில்லை. வெள்ளைக்காரர் இல்லாவிட்டால் எல்லாம் கவிழ்ந்துவிடும் என்ற எண்ணம் பொய்த்துப் போயிற்று.

மீட் வந்தபின் பொறுப்பு மீண்டும் ஐரோப்பியர் கைக்குச் சென்றது. ஆங்கிலத் திருச்சபையில் ஓர் இந்தியர் பேராயராக 1912 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1816-க்கும் 1912-க்கும் இடையே தொண்ணூற்றாறு ஆண்டுகள்! ஒருமுறை கைமாறிய சாவி மறுபடியும் கைமாற ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. தகுதியுள்ளவர்கள் இல்லாமையால் நேர்ந்த காலதாமதமன்று அது. கொடுக்க மனமில்லாமையால் நேர்ந்தது.

தோர்ணக்கல் பேராயர்

1912-இல் அப்பொறுப்பை ஏற்றவர் தமிழர். வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874 ஆகஸ்ட் 17-இல் பழைய திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த வெள்ளாளன்விளையில் பிறந்தவர். தந்தையார் சிற்றூர்க் குருவானவர். நாடார் சமுதாயத்தவர். அக்காலத்தில் அச்சமுதாயத்தினர் கோயில்களுக்குள் நுழையத் தடை இருந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, பட்டம் பெறாமலே வெளியேறினார். பட்டம் இல்லாதவரால் என்ன சாதிக்க முடியும் என்று கேட்போர்க்கு அவர் வாழ்க்கையே விடை.

கிறித்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளராக ஊர் ஊராய்ச் சுற்றிய அவர், 1902-இல் யாழ்ப்பாணம் சென்றார். அங்கே தமிழ்க் கிறித்தவர்கள் பிறர் கையை எதிர்பாராமல் தாமே ஒரு மிஷனெரி சங்கம் நடத்துவதைக் கண்டார். அக்காட்சி அவர் உள்ளத்தைத் தைத்தது. மறு ஆண்டே, 1903-இல், திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. 1905-இல் சேராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் தோன்றியபோதும் அவர் முன்னணியில் நின்றார். இந்தியர் பணத்தில், இந்தியர் ஆளுகையில், இந்தியர் உழைப்பில் பணி நடக்க வேண்டும் என்பதே அவற்றின் நோக்கம்.

பிறருக்கு வழி சொல்லிவிட்டுத் தாம் நகரத்தில் தங்கிவிடவில்லை அவர். 1909-இல் வாலிபர் சங்கப் பதவியை விட்டு, நிஜாம் அரசின் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல் என்னும் தெலுங்குச் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். மொழி புதிது, மக்கள் புதியவர். அவர்களுள் மிகப் பலர் மாலர், மாதிகர் எனப்பட்ட தீண்டத்தகாதோராய் ஒதுக்கப்பட்ட உழைப்பாளிகள்.

1910-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஆயிரத்திற்கு மேற்பட்ட பேராளர்களிடையே ஆசியர் மிகச் சிலரே. அவ்வவையில் எழுந்து நின்ற இந்த முப்பத்தைந்து வயதுத் தமிழர், மிஷனெரிகள் பொருளும் உழைப்பும் உயிரும் கொடுத்ததை நன்றியோடு ஒப்புக்கொண்டு, எனினும் இந்தியரை நண்பராய் நடத்தும் மனம் மட்டும் அவர்களிடம் குறைவுபட்டது என்று முகத்துக்கு நேரே எடுத்துரைத்தார். உபகாரம் செய்பவர் மேலே, பெறுபவர் கீழே என்னும் உறவு மாறவேண்டும் என்பது அவர் கருத்து. அவையில் பலர் சினந்தனர். ஆனால் அவ்வுரைதான் இன்றுவரை நினைவுகூரப்படுகிறது. 1912 டிசம்பர் 29-இல், கல்கத்தாவில், தமது முப்பத்தெட்டாம் வயதில் அவர் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1945 சனவரி 1-இல் மறையும்வரை அப்பணியில் இருந்தார். அதற்குள் அவருடைய திருமண்டலத்தில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கிறித்தவர் இருந்தனர்.

எண்ணிக்கையைவிட அவர் கையாண்ட முறையே நமக்கு முதன்மையானது. அதை நான்கு கூறுகளாகச் சொல்லலாம்.

முதலாவது, அவர் மக்களிடமிருந்தே பணியாளரை எடுத்தார். சிற்றூர் ஆணும் அவர் மனைவியும் சேர்ந்தே தோர்ணக்கலுக்கு வந்து பயின்றனர். சேர்ந்தே ஊருக்குத் திரும்பினர். படிப்போடு உழவும் கைத்தொழிலும் கற்பிக்கப்பட்டன. எழுத்தறிந்தவுடன் ஏரைத் தொட வெட்கப்படும் படிப்பை அவர் விரும்பவில்லை.

இரண்டாவது, பெண்களை ஒதுக்கவில்லை. அவர் துணைவியார் அன்பு மரியம்மாள், தென்னிந்தியக் கிறித்தவப் பெண்களுள் கல்லூரிப் படிப்பை எட்டிய முன்னோடிகளில் ஒருவர். மாட்டுவண்டிப் பயணங்களிலும், பெண்களுக்குப் பயிற்சியளிப்பதிலும் அவர் பங்கு பெரிது.

மூன்றாவது, பெறுபவரே கொடுப்பவராகவும் ஆகவேண்டும் என்றார். நம் தாய்மார் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்களே, அந்தப் பிடியரிசி வழக்கத்தைச் சபைகளில் ஊன்றச் செய்தார். பிடியரிசி கொடுத்த பெண், ‘இது என் கோயில்’ என்று சொல்லும் உரிமை பெற்றாள்.

நான்காவது, புதிதாய்ச் சேர்ந்த ஒவ்வொருவரும் தம் தலைமேல் கைவைத்து, தாம் அறிந்ததைப் பிறர்க்குச் சொல்லாதிருக்கமாட்டேன் என்று உறுதி கூற வேண்டும். எழுத்தறியாத கூலியாளும் அன்றே பணியாளரானார். கேட்பவர் கூட்டம், சொல்பவர் கூட்டமாக மாறியது.

மாலரும் மாதிகரும் தங்களுக்குள்ளேயே உயர்வு தாழ்வு பாராட்டியவர்கள். ஒருவர் கிணற்றில் மற்றவர் நீர் எடுக்காத நிலை. அவ்விரு சாராரையும் ஒரே கோயிலில், ஒரே பந்தியில் அமரச் செய்ய அசரியா வாழ்நாளெல்லாம் போராடினார். முழு வெற்றி கண்டார் என்று நான் சொல்லமாட்டேன். 1939-இல் தோர்ணக்கலில் பேராலயம் திறக்கப்பட்டது. கோயில் தூண்களின் சாயலும் பள்ளிவாசல் கும்மட்டத்தின் சாயலும் கலந்த கட்டடம் அது. இம்மண்ணின் மக்கள் அந்நியராகிவிடாமலே மாறலாம் என்று அக்கட்டடம் சொல்கிறது.

அவரோடு நாம் வேறுபடும் இடமும் உண்டு. 1932-இல் வகுப்புவாரித் தொகுதிகள் பற்றிய விவாதம் எழுந்தபோது, கிறித்தவருக்குத் தனித்தொகுதி வேண்டாம் என்றார் அசரியா. அது சபையைத் தனிச் சாதியாக்கிவிடும் என அஞ்சினார். அதே ஆண்டில் ஒடுக்கப்பட்டோர்க்குத் தனித்தொகுதி வேண்டும் என்று வாதிட்டு, பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட நேர்ந்த அண்ணல் அம்பேத்கரின் வேதனையை நாம் அறிவோம். அதிகாரத்தில் பங்கில்லாத நட்பு நிலைக்குமா என்று அண்ணல் கேட்ட கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. ஒரு தலைவரைப் போற்றுவது வேறு; அவர் சொன்னதையெல்லாம் ஏற்பது வேறு. மாணவர்கள் இந்த வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும்.

மாறாத இடங்கள்

இனிப்பை மட்டும் சொல்லிக் கசப்பை மறைப்பது ஆசிரியனுக்கு அழகன்று. திருச்சபைக்குள் சாதி நுழைந்தது; நுழைந்தது மட்டுமன்று, நாற்காலி போட்டு அமர்ந்தது.

நம் மதுரைச் சீமையில் 1834 முதல் பணியாற்றிய அமெரிக்க மிஷன், சாதியைத் துறக்காதவர் சபையில் இருக்கவியலாது என 1847-இல் கண்டிப்புக் காட்டியது. எல்லாரும் ஒன்றாய் அமர்ந்து உண்பதே அதற்குச் சோதனை. உபதேசியார் பலர் பதவியை விட்டார்களேயன்றிப் பந்தியில் அமரவில்லை. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கத்தோலிக்க ஆலயம், இரு சாதியாரும் ஒருவரையொருவர் பாராமல் வழிபடும் வண்ணம் இரு பிரிவாகக் கட்டப்பட்டது; இடைச்சுவர் 1910-இல்தான் அகற்றப்பட்டது. பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தலித் கத்தோலிக்கர் தமக்குத் தனிப்பங்கு வேண்டுமென்று கேட்டதையொட்டிக் கலவரம் மூண்டது. காவலர் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர்.

அரசின் சட்டமும் இக்காயத்தில் மருந்திடவில்லை. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை அட்டவணைச் சாதித் தகுதியை இந்துக்களுக்கே உரியதாக்கியது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. பள்ளியில் மாணவர் சேர்க்கையின்போது இதன் விளைவை நான் ஆண்டுதோறும் காண்கிறேன். ஒரே பாட்டனாரின் பேரர் இருவர், ஒரே தெரு, ஒரே வறுமை. ஒருவன் கையில் எஸ்.சி. சான்றிதழ், மற்றவன் கையில் பி.சி. சான்றிதழ். ‘ஐயா, எனக்கு மட்டும் ஏன் விடுதி இடம் இல்லை?’ என்று அச்சிறுவன் கேட்டால் நான் என்ன விடை சொல்வது?

என் குடும்பத்துச் செய்தி ஒன்றையும் சொல்ல அனுமதியுங்கள். என் தாயாரின் தந்தை ஒரு சிற்றூர்ச் சபையில் கோயில்பிள்ளையாய் இருந்தவர். கோயிலைத் திறப்பது, பெருக்குவது, மணியடிப்பது, விளக்கேற்றுவது அவர் வேலை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கோயில் சாவி அவர் இடுப்புக் கயிற்றில் தொங்கிற்று. நான் சிறுவனாய் அவர் மடியில் அமரும்போது அச்சாவி என் தொடையில் குத்தும். அத்தனை ஆண்டுகளில் ஒருநாளேனும் சபைக் கமிட்டியில் அவருக்கு இடம் கிடைத்ததில்லை. கமிட்டி கூடும்போது அவர் கதவைத் திறந்துவிட்டு வெளியே திண்ணையில் அமர்ந்திருப்பார், முடிந்ததும் பூட்டுவார். சாவி கையில் இருப்பது மட்டும் அதிகாரம் ஆகாது என்பதை நான் அவரிடமிருந்தே அறிந்தேன். சுமப்பதற்கு நாம், முடிவெடுப்பதற்கு வேறொருவர் என்றால், அங்கே இருப்பது தலைமையன்று, பழைய அடிமைத்தனமே.

ஒரே உலை

இந்நிலையை மாற்ற முயன்றவர்களுள் நம் அண்டையிலேயே வாழ்ந்த ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. மதுரை அரசரடியில் 1969 முதல் இயங்கி வருவது தமிழ்நாடு இறையியல் கல்லூரி. குருத்துவ மாணவரை மதிற்சுவருக்கு வெளியே அனுப்பி, ஏழை மக்களிடையே குடியிருந்து கற்கச் செய்யும் முறை அங்கு உண்டு. அக்கல்லூரியின் ஆசிரியர் ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு. ‘பரட்டை’ என்பது அவர் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர். 1940-இல் பிறந்து 2005-இல் மறைந்தவர். தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர்.

கோயிலில் கீர்த்தனையும் ஆங்கில ராகமும் மட்டுமே ஒலித்த காலத்தில், அவர் பறையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். சாவு வீட்டில் அடிக்க நம்மீது சுமத்தப்பட்ட கருவி, நாம் ஒளித்து வைக்க விரும்பிய கருவி, திருப்பலிப் பீடத்தின் முன் ஒலித்தது. சேரி மக்கள் பேசும் தமிழிலேயே பாட்டுக் கட்டினார். பாடுவோர் தம் ஊருக்கு ஏற்பச் சொல்லை மாற்றிப் பாடலாம் என்றும் விட்டார். ஒரு பாட்டின்மேல்கூட உரிமை கொண்டாடாமல் மக்களிடம் ஒப்படைத்தவர் அவர்.

‘ஒரே உலை’ என்பது அவர் அடிக்கடி எடுத்தாண்ட கருத்து. ஒரே பானையில் பொங்கி, ஒன்றாய் உண்பவர் ஒரே குடும்பம். திருவிருந்தின் உட்பொருள் அதுவே என்றார். 1847-இல் மேலிருந்து வந்த ஆணையால் போடப்பட்ட பந்தியை நினைத்துப் பாருங்கள். அதில் பலர் அமரவில்லை. அப்பாவு காட்டிய உலையோ, மக்களே ஆளுக்கொரு பிடி அரிசி கொண்டுவந்து தாமே ஏற்றும் உலை. ஆணையிட்டு ஒருவரைப் பந்தியில் அமர்த்தலாம். ஆனால் உலைக்கு அரிசி கொண்டுவரச் செய்தவரே அவரை மாற்றுகிறார்.

நம் சங்கத்திற்கு

இனி நம் வீட்டுக்குத் திரும்புவோம். பிறரைப் பேசிவிட்டு நம்மைப் பேசாமற் போனால் இவ்வுரையால் பயனில்லை. முதலில் என் குற்றத்தையே சொல்லித் தொடங்குகிறேன்.

நான் இளம் ஆசிரியனாய் இருந்தபோது நம் காலனியில் ஓர் இரவுப் பள்ளி நடத்தினேன். ஒன்பது ஆண்டுகள் நடந்தது. நாற்பது ஐம்பது பிள்ளைகள் வருவார்கள். பாடம் நான், வருகைப் பதிவு நான், விளக்குக்கு எண்ணெய் வாங்குவதும் நான். புத்தகப் பீரோவின் சாவி எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். பத்தாம் வகுப்பு முடித்த இளைஞர் இருவர் உதவிக்கு வந்தபோதும், ‘உங்களுக்கு அனுபவம் போதாது’ என்று கரும்பலகையைத் துடைக்க மட்டுமே விட்டேன். பிறகு எனக்குக் கம்பம் பக்கம் மாறுதல் வந்தது. மாலை மரியாதையோடு வழியனுப்பினார்கள். மூன்று மாதத்தில் இரவுப் பள்ளி நின்றுபோயிற்று.

அடுத்த பொங்கலுக்கு ஊர் வந்தபோது, எனக்குப் பெரியம்மா முறையாகும் ஒரு மூதாட்டி வழிமறித்துக் கேட்டார்: “ஏப்பா வாத்தியாரே, பீரோச் சாவிய யாருகிட்டக் குடுத்துட்டுப் போன?” நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். சாவி அங்கேயே இருந்தது. ஒன்பது ஆண்டுகள் நான் செய்தது தொண்டு என்று எண்ணியிருந்தேன். அன்றுதான் அது என் பெருமை என்று விளங்கிற்று. 1816-இல் ரிங்கல்தௌபே செய்ததை, நான் என் சொந்த மக்களுக்கே செய்யவில்லை.

அதே தவறு நம் சங்கத்திலும் நிகழ்கிறது என்பதை அன்போடு சொல்கிறேன். இருபத்தைந்து ஆண்டுகளில் நிருவாகக் குழுவில் பெரும்பாலும் அரசுப் பணியாளர்களாகிய நாங்களே மாறி மாறி இருந்திருக்கிறோம். எங்களில் பலர் காலனியை விட்டு நகரில் வீடு கட்டிக்கொண்டோம், நானும் கட்டிக்கொண்டேன். பெண்கள் சந்தா தண்டுகிறார்கள். குழுவில் இடம் ஒன்றோ இரண்டோதான். அதனினும் வேதனை ஒன்றுண்டு. நம்மிடையே அருந்ததியர் தெருவிலிருந்து இதுவரை குழுவில் இருந்தவர் ஒரே ஒருவர். அவர் பெயரும் அழைப்பிதழில் அச்சிடப்பட்டதோடு சரி. மேல்சாதியார் நம்மைத் திண்ணையில் அமர்த்தினார்கள் என்று என் பாட்டனாருக்காகக் கண்ணீர் விடுகிறோம். நாம் யாரைத் திண்ணையில் அமர்த்தியிருக்கிறோம்? மாலரும் மாதிகரும் தோர்ணக்கலில் மட்டும் இருக்கவில்லை, தோழர்களே, ஆண்டிபட்டியிலும் இருக்கிறார்கள்.

ஆகவே, வெள்ளி விழாவை வெறும் கொண்டாட்டமாய் முடித்துவிடாமல், நான்கு முடிவுகளை எடுக்குமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

ஒன்று: எவரும் ஒரே பொறுப்பில் இருமுறைக்கு மேல் தொடரலாகாது. மூத்தோர் ஆலோசனை சொல்லட்டும். முடிவை இளையோர் எடுக்கட்டும்.

இரண்டு: குழுவில் பாதி இடம் பெண்களுக்கு, எல்லாத் தெருக்களுக்கும், சிறப்பாக அருந்ததியர் தெருவுக்கு, பெயருக்கன்றிப் பொறுப்போடு கூடிய இடம்.

மூன்று: மூன்று மாதத்துக்கொருமுறை வரவு செலவுக் கணக்கைக் காலனியில் பொதுவிடத்தில் வாசிக்க வேண்டும். வாசிப்பவர் ஒரு மாணவராகவோ மாணவியாகவோ இருக்கட்டும். கணக்கு வாசிக்கக் கற்ற பிள்ளையை எவரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

நான்கு: சங்கத்தின் உதவித்தொகை பெறும் ஒவ்வொருவரும் தம் தெருவில் தமக்கு இளைய பிள்ளை ஒருவருக்கு ஓராண்டு பாடம் சொல்லித்தர வேண்டும். தோர்ணக்கல் மக்கள் தலைமேல் கைவைத்து ஏற்ற உறுதியை நாம் இவ்வாறு ஏற்போம்.

பிறருக்குச் சொல்லிவிட்டு நான் அமர்ந்துவிடுவது முறையன்று. சங்கத்தின் துணைத்தலைவர் பொறுப்பை மூன்று முறை வகித்துவிட்டேன். இன்றோடு அதிலிருந்து விலகுகிறேன். சினம் கொண்டு அல்ல, நன்றியோடு விலகுகிறேன். நம் படிப்பகத்தின் பீரோச் சாவி இவ்வளவு நாள் என்னிடமே இருந்தது. இக்கூட்டம் முடியுமுன் செயலாளரிடம் அதை ஒப்படைக்கிறேன். யாரிடம் கொடுப்பது என்பதைப் புதிய குழு முடிவு செய்யட்டும். என்னைக் கேட்க வேண்டாம். மாலை நேரத்தில் படிப்பகத்தில் பாடம் சொல்லித்தர ஆள் தேவைப்பட்டால் மட்டும் சொல்லியனுப்புங்கள். வருகிறேன், கரும்பலகை துடைக்கச் சொன்னாலும் துடைக்கிறேன்.

இளைஞர்களே! பொறுப்பேற்றால் தவறு செய்வீர்கள். நாங்களும் செய்தோம். தவறு செய்யும் உரிமை மேல்தெருப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. அனுபவம் போதாது என்று எவரேனும் உங்களிடம் சொன்னால், மயிலாடியில் 1816-இல் அனுபவம் பார்த்தா பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது என்று திருப்பிக் கேளுங்கள். பொறுப்பு கொடுக்கப்பட்டதனால்தான் அவருக்கு அனுபவம் வந்தது.

பொன்விழா வரும்போது நான் இருப்பேனோ இருக்கமாட்டேனோ அறியேன். அன்று இம்மேடையில் நின்று பேசும் பெண்ணோ ஆணோ, இன்று இப்பந்தலின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுள் ஒருவராய் இருக்கவேண்டும். அதுவே நம் சங்கம் மனிதரை மாற்றிற்று என்பதற்குச் சான்றாகும்.